ஏழடி மனிதரின் முழங்கால்

அவர் நின்றபடி கதைத்ததை நான் அதிகம் கண்டதில்லை. ஆராவது கிட்ட வந்தால் முதலில் இருப்பதற்கு ஓர் இடம் தேடுவார். கதிரை, மாடிப்படி, தெருவோரத்துக் குட்டிச் சுவர், எது கிடைத்தாலும் அதில் இருந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஏன் என்று கேட்டால், "நான் நிண்டு கதைச்சா உங்களுக்குக் கழுத்து நோகும் அண்ணை" என்பார்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டோ என்று அவரிடம் கேட்கும் முகம் எனக்கு இல்லை. அளவை மட்டும் எழுதுகிறேன். ஆறடி பதினொரு அங்குலம். சப்பாத்துப் போட்டால் ஏழடிக்கு மேல். தொழில் கூடைப்பந்து. பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு விளையாடுகிறவர். யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்குப் பிறந்து, மூன்று வயதில் ஜேர்மனிக்குப் போய், அங்கே வளர்ந்தவர். விளையாட்டுக்காக நாடு நாடாக அலைந்து கடைசியில் லண்டனுக்கு வந்தார். வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு முன் அறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தார்.

அறை பார்க்க வந்த அன்று கதவு மணி கேட்டுப் போன என் மனுசி, பாதி வழியில் திரும்பி வந்தா.

"இஞ்சருங்கோ, வாசல்லை ஆரோ நிக்கினம். கண்ணாடிக்குள்ளாலை சேட்டு தெரியுது, தலையைக் காணேல்லை."

நான் கதவைத் திறந்தேன். அவர் நிலைக்குக் கீழே தலையைக் கொண்டுவந்து, "வணக்கம் அண்ணை, அறை இருக்குதெண்டு கோயிலிலை சொன்னவை" என்றார். உள்ளே வந்ததும் மாடிப்படியில் மூன்றாவது படியில் இருந்துகொண்டார். அப்போதுதான் அவருடைய கண்ணும் என் கண்ணும் நேராக வந்தன. மனுசிக்கு அந்தப் பணிவு பிடித்துவிட்டது. கட்டில் நீளம் காணாது என்று நானே ஒரு மரப்பெட்டியைக் கால்மாட்டில் வைத்து, மேலே மெத்தைத் துண்டு போட்டுக் கொடுத்தேன். அதற்கு அவர் சொன்ன நன்றி ஒரு கிழமைக்கு நிற்கவில்லை.

இரண்டு மாதத்தில் எங்கள் தெரு முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. புகை மணிக்குப் பற்றரி மாற்ற ஏணி தேவையில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா கூரைத் தாழ்வாரத்தில் அடைத்த இலைகளை அள்ளிவிடச் சொல்லிக் கூப்பிடுவா. மனுசி ஆண்டுக்கணக்காக எட்டாமல் விட்டிருந்த மேல்தட்டைத் துடைப்பித்தா. பயிற்சியால் களைத்து வந்திருந்தாலும், சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போவார்.

தமிழ்க் கடைக்குப் போனால் ஆரோ ஒருவர் கட்டாயம் கேட்பார்: "தம்பி, மேலை மழை தூறுதோ?"

"இன்னும் இல்லை அண்ணை. தூறினா சொல்லுறன்."

எல்லாருக்கும் அதே பதில், அதே சிரிப்பு. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உமக்குக் கோவம் வராதோ தம்பி? எத்தினை தரம் உதே கதை?" என்றேன்.

"எனக்குத்தான் பழசு அண்ணை. கேக்கிற ஆளுக்கு அது முதல்தரம்தானே" என்றார்.

ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்து வந்தால் அந்த மூன்றாவது படியில் இருந்துகொண்டு இரண்டு முழங்காலுக்கும் ஐஸ் வைப்பார். ஐஸுக்குப் பதிலாக உறைந்த பட்டாணிப் பைகள். எங்கள் பிரீசரில் பாதி இடம் அதுதான். விருந்தாளி ஆராவது திறந்து பார்த்து, என்ன இவ்வளவு பட்டாணி என்று கேட்டால், "அது கறிக்கு இல்லை, தம்பியின்ரை முழங்காலுக்கு" என்பா மனுசி. இடது முழங்காலில் ஒரு வெட்டுத் தழும்பு. வலதில் இரண்டு. வலது காலைப் பற்றிக் கேட்டால் "சும்மா இருக்கு" என்பார். அவர் "சும்மா" என்றால் நோகிறது என்று அர்த்தம். மூன்று வருடத்தில் அதை நான் வடிவாகப் பழகியிருந்தேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டிக்கெற் தந்து எங்களை விளையாட்டுப் பார்க்கக் கூப்பிட்டார். எனக்கு அந்த விளையாட்டு விளங்காது. இவ்வளவு உயரமான மனிதன் கூடைக்குள் பந்தைப் போட்டுக்கொண்டே இருப்பார் என்றுதான் நினைத்துப் போனேன். அவரோ கூடைக்குக் கீழே ஒரு இடத்தில் போய் நின்றார். மற்றக் கட்சிக்காரர் இடுப்பாலும் முழங்கையாலும் அவரை இடித்தார்கள். அவர் நகரவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டைப் பெடியன் ஓடி வந்து பந்தை எறிந்தான். சனம் எழும்பிக் கைதட்டியது.

"உவங்கள் ஏன் எங்கடை தம்பியை இடிக்கிறாங்கள்? நடுவர் என்ன நித்திரையோ?" மனுசி சத்தமாகவே கேட்டா. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது அவர் காரின் பின்சீற்றில் குறுக்காக இருந்தார். முழங்கால் நாடிக்குக் கிட்ட வந்திருந்தது.

"தம்பி, நீர் ஏன் எறியேல்லை? கூடை உம்மடை கைக்குக் கிட்டத்தானே?"

"எறியிறது என்ரை வேலையில்லை அண்ணை. நான் இடத்தைப் பிடிச்சு நிக்கோணும். அவை என்னை இடிக்கிற நேரத்திலை எங்கடை ஆள் எறிவான்."

"அப்ப இடி உமக்கு, கைதட்டு அவருக்கோ?"

"ஓம் அண்ணை. அதுக்குத்தான் சம்பளம்."

அன்றுதான் தன் கதையைக் கொஞ்சம் சொன்னார். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்து அவரைச் சுவரோடு நிறுத்தி அளந்தாராம். கையை விரிக்கச் சொல்லி அதையும் அளந்தாராம். "அண்டையிலை இருந்து எல்லாரும் என்னை அளந்துகொண்டுதான் இருக்கினம்" என்றார். மனுசி கேட்டா, "உமக்கு விருப்பமோ எண்டு ஆரும் கேட்டவையோ?"

"கேக்கேல்லை அக்கா. எனக்கு நீந்தத்தான் விருப்பம். தண்ணிக்குள்ளை உயரம் தெரியாது."

அந்தத் தொழிலில் பெரிய கிளப்புகளில் பேர் எடுக்கிறவர்கள் சிலபேர்தான். மற்ற நெட்டையர்களுக்குப் பத்து மாத ஒப்பந்தம். அது முடிந்தால் வேறு ஊர். பெல்ஜியத்தில் ஒரு வருடம், ஹங்கேரியில் பாதி வருடம். அங்கே கால் நொந்தது என்று கிறிஸ்மஸ் கிழமையில் பையைக் கட்டச் சொல்லிவிட்டார்களாம். உயரம் வயது போனாலும் குறையாது, ஆனால் அதைத் தாங்குகிற மூட்டு முப்பது வயதில் கிழடாகிவிடும். எங்கள் வீட்டில் இருந்த மூன்றாவது வருடம் அவருக்கு முப்பத்துமூன்று.

இனிக் கோயிலுக்கு வருகிறேன்.

எங்கள் கோயில் பெரிய கோயில் இல்லை. முன்பு கம்பளம் வைத்திருந்த கிடங்கு. ஆனால் திருவிழாவில் முருகனைத் தோளில் சுமந்து காவித்தான் தெருச் சுற்றுவோம். வேறு சில கோயில்களில் சில்லு வைத்த சகடையில் சுவாமியை இருத்தி உருட்டுவார்கள். எங்களிடமும் ஒரு சகடை கிடங்கின் மூலையில் துணி மூடிக் கிடந்தது. அதைத் தொடாதது எங்களுக்குப் பெருமை. அதிலும் எனக்குத்தான் கூடப் பெருமை, ஏனென்றால் காவுகிறவர்களைச் சோடி சேர்க்கிற பொறுப்பு என்னுடையது.

வாகனத்துக்கு அடியில் இரண்டு நீளத் தடிகள். ஒரு தடிக்கு எட்டுப்பேர். இந்தப் பக்கத் தோளும் அந்தப் பக்கத் தோளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் உயர்ந்தால் சுவாமி சரிவார். உயர்ந்தவரின் தோளில்தான் பாரமும் போய் விழும். அதனால் ஒவ்வொரு வருடமும் ஆட்களை வரிசையில் நிறுத்தித் தோளோடு தோள் பார்த்துத்தான் இடம் கொடுப்பேன்.

அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். மறைக்கக் கூடாது என்று கடைசியில், சுவரோடு நிற்பார். முதல் இரண்டு வருடமும் திருவிழாவுக்கு முன்பு என்னிடம் வந்து கேட்டார்: "அண்ணை, எனக்கும் ஒரு இடம் தருவியளோ? ஒருக்கா எண்டாலும் காவோணும்."

"ஏலாது தம்பி. உமக்குச் சோடிக்கு ஆள் இல்லை."

கோயில் தலைவர் பக்கத்தில் நின்று சொன்னார்: "உம்மை விட்டா முருகன் வழுக்கி மற்றப் பக்கத்தாலை இறங்கி நடந்து போயிடுவார்!"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சுவாமிக்கு முன்னால் நடந்து, தெருவில் தாழ்ந்து தொங்கும் மரக்கொப்புகளைச் சுவாமியின் குடையில் முட்டாமல் கையால் தூக்கிப் பிடிக்கிற வேலையை அவருக்குக் கொடுத்தோம்.

மூன்றாவது வருடம் அவர் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. லண்டனிலேயே வேறொரு கிளப் அவரைக் கூப்பிட்டிருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஆரும் கொடுத்ததில்லை. விளையாட்டு முடிந்த பிறகு அங்கேயே சின்னப்பிள்ளைகளுக்குப் பழக்குகிற வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "இனிப் பெட்டி கட்டத் தேவையில்லை அக்கா" என்று மனுசியிடம் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றுதான் மிச்சம். செவ்வாய்க்கிழமை அவர்களுடைய டொக்டர் முழங்காலைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

திருவிழா அதற்கு முந்திய ஞாயிறு.

அன்று காலை, முன்வரிசையில் என்னோடு காவுகிற என்னுடைய சோடி, மற்றத் தடிக்காரர், முதுகு பிடித்துக்கொண்டது என்று போன் பண்ணினார். வேறு ஆள் தேடினேன். இருந்தவர்களில் ஒருவர் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர், ஒருவர் எழுபது வயது. தலைவர் வந்து, "ஆள் காணாட்டி சகடையை எடுப்பம். என்ன குறை?" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. பதினொரு வருடம் தோளில் போன சுவாமி, என்னுடைய பொறுப்பில் சில்லில் போவதோ?

அவர் வாசலில் மரக்கொப்பு வேலைக்கு ஆயத்தமாக நின்றார். மனுசி இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்த வேட்டி. நான் நேரே அவரிடம் போனேன்.

"தம்பி, ஒரு இடம் இருக்கு. முழங்காலை மடக்கி என்ரை உயரத்துக்கு வரலாமோ? ஒரு சுற்றுத்தானே."

அவர் தெருவோரத்துக் குட்டிச் சுவரில் இருந்துகொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"முழங்கால் என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"சும்மா இருக்கு அண்ணை."

மனுசி பின்னால் வந்து என் கையைப் பிடித்தா. "விசரே உங்களுக்கு? செவ்வாய்க்கிழமை டெஸ்ற் எல்லோ? அவரை விடுங்கோ."

"முருகன் பார்த்துக்கொள்ளுவார்" என்றேன். "தன்னைக் காவினவனுக்கு அவர் குறை வைப்பாரோ?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு பக்தியுள்ள மனிதன் எப்படி மாட்டேன் என்று சொல்லுவான்? அவர் எழும்பி வந்தார்.

ஒரு மணித்தியாலம். என் உயரம் ஐந்தடி ஆறு. அதற்கு வருவதற்கு முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, பாதிக் குந்தலில் அவர் நடந்தார். வேகத்தடை வந்த இடமெல்லாம் அவருடைய பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பொலிஸ் தெருவை மறித்திருந்தது. வீட்டு யன்னல்களில் சனம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. பஸ் தரிப்பிடத்து முடக்கில் மேளம் கூடி அடிக்க, வழக்கம்போலச் சுவாமியை ஆட்டினோம். மூன்றாவது ஆட்டில் அவருடைய வாயில் இருந்து ஒரு ஜேர்மன் சொல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. "இறக்கி வைப்பமோ?" என்றேன். தலையை இல்லை என்று ஆட்டினார். தடியை விடவில்லை. கோயில் வாசல்வரைக்கும் சுவாமி ஒரு விரல்கூடச் சரியவில்லை.

இறக்கி வைத்ததும், அவருக்குப் பின்னால் காவினவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்: "இந்த முறை சுவாமி பஞ்சு மாதிரி வந்தார். பாரமே தெரியேல்லை. என்ன அருள்!"

பின்னால் நின்றவர்களில் பாரம் விழக் கூடாது என்று அவர் தடியை ஒரு மயிரிழை உயர்த்தியே பிடித்திருந்தார். பாரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வலது முழங்கால் பூசணி போல இருந்தது. டெஸ்ற்றைத் தள்ளிவைக்கக் கேளும் என்றேன். அவருடைய ஏஜென்ற் ஏலாது என்றாராம். அதே இடத்துக்கு வேறொரு நெட்டையர் காத்திருக்கிறாராம். மனுசி என்னுடன் கதைக்கவில்லை. நான் கோயிலில் இருந்து விபூதி கொண்டுவந்து அவருடைய முழங்காலில் பூசினேன். அவர், "ஓம் அண்ணை, சுகமா இருக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை நானே காரில் கொண்டுபோனேன். டொக்டரின் அறைக்கு வெளியே கதிரையில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. என்னுடைய இங்கிலிஸ் எட்டாம் வகுப்பு இங்கிலிஸ்தான். ஆனாலும் விளங்கியது. டொக்டர் குந்தி எழும்பச் சொன்னார். அவர் குந்தினார். எழும்ப இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இது எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டார். வீட்டுப் படியில் வழுக்கிவிட்டேன் என்றார் அவர்.

காரில் கேட்டேன், "ஏன் தம்பி அப்பிடிச் சொன்னீர்?"

"கோயிலிலை நடந்தது எண்டு சொன்னா, அவங்கள் எங்கடை கோயிலைப் பற்றி என்ன நினைப்பாங்கள் அண்ணை?"

அதைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆறுதல்தான். கோயிலின் பேரும் தப்பியது, என்னுடைய பேரும் தப்பியது. இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ஒப்பந்தம் போனது. பழைய கிளப்பும் இனி வேண்டாம் என்றது. இரண்டு மாதத்தில் ஜேர்மனியில் இருக்கும் தமக்கையிடம் போக வெளிக்கிட்டார். கோயிலில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் துணியை விரித்துக்கொண்டு, அவர் குனிவார் என்று காத்து நின்றார். அவருக்கு முழங்காலை மடக்க ஏலவில்லை. கடைசியில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து தலைவர் அதில் ஏறிப் போர்த்தினார். சனம் சிரித்துக் கைதட்டியது. "தானாகக் கேட்டு வந்து சுவாமி காவின பிள்ளை" என்று தலைவர் மைக்கில் சொன்னார். அப்படிச் சொல்லியிருந்தது நான்தான். மைக்கை என்னிடமும் நீட்டினார்கள். "எல்லாம் முருகன் அருள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இப்போது அவர் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறார். மேல்தட்டுப் பெட்டிகளை ஏணி இல்லாமல் எடுக்கிற வேலை.

போன வருடத் திருவிழாவுக்கு முன்பு நான் சபைக் கூட்டத்தில் எழும்பி நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன் என்றேன். "விடுங்கோ அண்ணை, அது அவரின்ரை விதி" என்றார் தலைவர். சோடி சேர்க்கிற வேலையை நான் விட்டேன். பிறகு அவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, அண்டைக்கு முருகன் பார்த்துக்கொள்ளுவார் எண்டு சொன்னனான். முருகன் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொன்னது. என்ரை பெருமைக்கு உம்மடை காலை எடுத்துப்போட்டன். என்னை மன்னிக்கோணும்."

"அண்ணை," என்றார். "நான் ஓம் எண்டு சொன்னா உங்களுக்கு லேசாப் போயிடும், என்ன?"

"ஓம் தம்பி."

"இந்த முறை ஏலாது அண்ணை. கோவமில்லை. ஆனா ஏலாது." பிறகு, "அக்கா சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்டார். மனுசியிடம் போனைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் கோயிலுக்குப் போகிறேன். அவருடைய கால் சுகப்பட வேண்டும் என்று கும்பிடுகிறேன். எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று முருகனிடம் கேட்பதில்லை. அது தம்பியிடம் கேட்க வேண்டியது. கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டார்.